எக்ஸ்ரே செயற்கைக்கோள்: மொட்டை மாடியில் கேட்ட கேள்விகள்

எங்கள் பள்ளி நாகர்கோவிலுக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. வானம் தெளிந்த மாதங்களில் ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, ஊர்க்காரர்களுக்கு நிலவையும் சனியையும் காட்டுவோம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் பல இரவுகள் மேகத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். அப்படி மூடிக்கொண்ட இரவுகளில்தான் கேள்விகள் பெருகும். வானத்து எக்ஸ்ரேயைப் பார்க்கும் நம் நாட்டுச் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட் பற்றி ஒருமுறை பேச ஆரம்பித்ததிலிருந்து, அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு தடவையும் தொண்டை கட்டுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்கேன் சென்டரில் எடுக்கிற எக்ஸ்ரேயும் வானத்து எக்ஸ்ரேயும் ஒன்றுதானா?

கதிர் ஒன்றுதான், வேலைதான் வேறு. ஸ்கேன் சென்டரில் ஒரு குழாய் எக்ஸ்ரேயை உண்டாக்கி உங்கள் நெஞ்சு வழியாக அனுப்புகிறது. மறுபக்கம் உள்ள தகடு எலும்பின் நிழலைப் பிடிக்கிறது. செயற்கைக்கோள் எதையும் அனுப்புவதில்லை. குழாயின் வேலையைக் கருந்துளையைச் சுற்றும் வாயுவோ, செத்துச் சுருங்கி இறுகிய நியூட்ரான் விண்மீனோ, வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சமோ செய்கிறது. நம்மிடம் இருப்பது தகடு மட்டும்.

அளவு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகள், அதாவது ஒரு ஃபோட்டான், சுமார் 2 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. எக்ஸ்ரே ஃபோட்டானின் ஆற்றல் ஆயிரக்கணக்கில் போகும். ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டை ‘கெவ்’ என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு வாயு தானாகவே 1 கெவ் அளவில் எக்ஸ்ரே வீச வேண்டுமென்றால் அதன் வெப்பம் ஒரு கோடி டிகிரியைத் தொட வேண்டும். ஆக, எக்ஸ்ரே வானம் என்பது கொதிக்கிற இடங்களின் வானம். நாம் தொலைநோக்கியில் பார்த்து ரசிக்கும் விண்மீன்களில் பெரும்பாலானவை அங்கே மங்கல்தான்.

மருந்துவாழ் மலை உச்சியில் கருவியை வைத்தால் ஆகாதா?

ஆகாது. இமயமலை உச்சியில் வைத்தாலும் ஆகாது. காற்று நமக்கு லேசாகத் தெரிகிறது, ஆனால் தலைக்கு மேல் இருக்கும் மொத்தக் காற்றையும் எடை போட்டால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் வரும். பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில் நிற்பதற்குச் சமம். வானத்து எக்ஸ்ரே அத்தனையும் அந்தக் காற்றிலேயே முடிந்துவிடும். நாம் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், அதனால் குறை சொல்ல முடியாது. ஆற்றல் கூடின எக்ஸ்ரேயை 40 கிலோமீட்டர் உயரம் போகும் பலூனில் பிடிக்கலாம். ஆற்றல் குறைந்ததற்கு ராக்கெட் ஏறியே ஆக வேண்டும்.

1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் அப்படி ஒரு ராக்கெட்டைச் சில நிமிடங்கள் மேலே அனுப்பினார்கள். நிலவிலிருந்து எக்ஸ்ரே வருகிறதா என்று பார்ப்பதே திட்டம். கிடைத்தது வேறு: விருச்சிக ராசிப் பக்கம், சூரியனைத் தவிர்த்தால் வானத்திலேயே பிரகாசமான நிலையான எக்ஸ்ரே மூலம், அதாவது எக்ஸ்ரே வீசும் பொருள். அதன் பெயர் ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1. கேட்டை நட்சத்திரத்தை எங்கள் மாடியிலிருந்து யாருக்கும் காட்டிவிடலாம், அதே ராசியில் இருக்கும் இதைக் கண்ணால் காட்ட முடியாது. எக்ஸ்ரே ஆராய்ச்சிக்கென்றே போன முதல் செயற்கைக்கோள் உஹுரு, 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரைக்கு அப்பால் உள்ள மேடையிலிருந்து ஏறியது. ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு. நம்முடைய முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவிலும் 1975-இல் ஒரு எக்ஸ்ரே கருவி இருந்தது. மின்சாரக் கோளாறால் சில நாட்களிலேயே சோதனைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பின் நாற்பது வருடம் கழித்துத்தான் அஸ்ட்ரோசாட்.

சரி, அஸ்ட்ரோசாட்டில் என்னென்ன இருக்கிறது?

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 ராக்கெட் ஏற்றிக்கொண்டு போனது. எடை சுமார் ஒன்றரை டன், உயரம் சுமார் 650 கிலோமீட்டர். வானைப் பார்க்க ஐந்து கருவிகள்: புற ஊதாத் தொலைநோக்கி யுவிஐடி, மென் எக்ஸ்ரே (ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே) தொலைநோக்கி எஸ்எக்ஸ்டி, வாயு நிரப்பிய பெரிய எண்ணிகள் லேக்ஸ்பிசி, காட்மியம் துத்தநாக டெல்லுரைடு படிகங்களால் ஆன சிஇசட்டிஐ, வானத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும் எஸ்எஸ்எம். கூடவே காவலுக்கு ஒரு சின்னக் கருவி, அதைப் பற்றிப் பிறகு.

ஏன் ஐந்து? ஒன்றே போதாதா? போதாது. ஒரு எக்ஸ்ரே ஃபோட்டான் வந்தால் அதனிடம் மூன்று விஷயம் கேட்கலாம்: எப்போது வந்தாய், எவ்வளவு ஆற்றலோடு வந்தாய், எந்தத் திசையிலிருந்து வந்தாய். மூன்றுக்கும் ஒருசேரத் துல்லியமாகப் பதில் வாங்கும் கருவியை யாரும் இன்னும் செய்யவில்லை. ஒன்றில் கெட்டி என்றால் இன்னொன்றில் விட்டுக்கொடுக்க வேண்டும். அஸ்ட்ரோசாட்டில் செய்தது, வெவ்வேறு விஷயத்தில் கெட்டிக்காரர்களான கருவிகளைச் சேர்த்துக் கட்டி, ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்க்க வைத்தது. (எஸ்எஸ்எம் மட்டும் தன் போக்கில் சுற்றும்.)

எக்ஸ்ரேயைக் குவிக்க லென்ஸ் உண்டா?

நம் தொலைநோக்கியில் இருப்பது போன்ற லென்ஸும் இல்லை, கிண்ணம் மாதிரியான கண்ணாடியும் இல்லை. நேரே போய் முட்டினால் எக்ஸ்ரே திரும்பாது. கண்ணாடிக்குள் புகுந்து அங்கேயே தீர்ந்துபோகும். ஆனால் மேற்பரப்பை உரசினாற்போல, ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வில் வந்தால் வழுக்கித் திரும்பும். தேரூர் குளத்தில் ஓட்டாஞ்சில்லை நேரே போட்டால் முங்கும், தாழ்வாகச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகும் அல்லவா, ஏறக்குறைய அப்படி.

இதில் ஒரு சிக்கல். உரசிப் போகிற கண்ணாடி, எதிரே நின்று பார்த்தால் மெல்லிய விளிம்பாக மட்டுமே தெரியும். அது பிடிக்கும் வெளிச்சம் கொஞ்சம். அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக நிறைய அடுக்க வேண்டும். வாழை மரத்தைக் குறுக்கே வெட்டினால் மட்டைகள் வட்டத்துக்குள் வட்டமாக இருக்குமே, எஸ்எக்ஸ்டியின் முகப்பும் அப்படித்தான்: 40 அடுக்கு, தங்கம் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகள், மொத்தம் 320. அவற்றில் இரண்டு முறை உரசி வரும் எக்ஸ்ரே 2 மீட்டர் தள்ளியுள்ள ஒரு சிப்பில் குவியும். 0.3 முதல் 8 கெவ் வரை அதன் வீச்சு. தகடுகளும் தொலைநோக்கியும் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. கேமராவில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் பங்கு உண்டு.

கேமரா என்கிறீர்கள், அப்புறம் எண்ணுகிறது என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி, ஆனால் எண்ணுவதுதான் அடிப்படை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

செல்போன் கேமராவில் ஒரு புள்ளியில் கணக்கில்லாத ஃபோட்டான்கள் வந்து கொட்டும். மொத்தமாக எவ்வளவு சேர்ந்தது என்பதுதான் படம். எக்ஸ்ரேயில் கூட்டமே கிடையாது. மங்கலான ஒரு பொருளிலிருந்து பல விநாடிக்கு ஒரு ஃபோட்டான் வரும். முற்றத்தில் நூறு சிரட்டையை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள், மழை இன்னும் பிடிக்கவில்லை, ஒன்றிரண்டு துளி மட்டும் விழுகிறது என்று வையுங்கள். எந்தச் சிரட்டையில் துளி விழுந்தது என்று பார்த்தால் இடம் தெரியும். துளி பெரிதா சிறிதா என்று பார்த்தால் ஆற்றல் தெரியும். எக்ஸ்ரே ஃபோட்டான் சிலிக்கான் சிப்பில் விழும்போது எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடுகிறது. 1 கெவ்வுக்கு ஏறத்தாழ 270 எலக்ட்ரான். எண்ணிக்கையைப் பார்த்தே ஆற்றலைச் சொல்லிவிடலாம், நிறக்கண்ணாடி எதுவும் தேவையில்லை. வெப்பம் தானாகவே எலக்ட்ரான்களைக் கிளப்பி இந்தக் கணக்கைக் கெடுக்கும் என்பதால் சிப்பைச் சுழியத்துக்குக் கீழே 80 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறார்கள்.

மழை வலுத்துவிட்டால்? சிப்பை முழுதாக ஒருமுறை வாசிக்க சுமார் 2.4 விநாடி ஆகிறது. அதற்குள் ஒரே சிரட்டையில் இரண்டு துளி விழுந்தால் கருவி அதை ஒரு பெரிய துளி என்று எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ரே வானியலில், மங்கலானது மட்டுமல்ல, ரொம்பப் பிரகாசமானதும் தொல்லைதான். ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 மாதிரி ஆசாமிகளுக்கு வேறு கருவி வேண்டும்.

அந்த வேறு கருவிதான் லேக்ஸ்பிசியா?

ஆமாம். எனக்கு இந்தக் கருவி மேல் தனிப் பிரியம். பார்க்க அழகில்லை: மூன்று பெட்டி, உள்ளே சுமார் இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் செனான் வாயு, அதோடு கொஞ்சம் மீத்தேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மீட்டர் நீளக் கம்பிகள், அவற்றில் உயர் மின்னழுத்தம். எக்ஸ்ரே உள்ளே நுழைந்து செனான் அணுவில் மோதினால் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை கம்பியை நோக்கிப் பாயும்போது வழியில் உள்ள அணுக்களிலிருந்து இன்னும் இன்னும் எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு போகும். கடைசியில் அளக்கக்கூடிய ஒரு மின் துடிப்பு. துடிப்பின் உயரம் ஃபோட்டானின் ஆற்றலுக்கு ஏற்றபடி இருக்கும். 3 முதல் 80 கெவ் வரை எண்ணும்.

இதன் பலம் நேரம். ஒரு ஃபோட்டான் வந்த கணத்தை 10 மைக்ரோ விநாடித் துல்லியத்தில் குறித்துவைக்கும், அதாவது விநாடியை ஒரு லட்சமாகக் கூறு போட்டால் எந்தக் கூறு என்று சொல்லும். விநாடிக்குப் பல நூறு தடவை சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் இருக்கின்றன. கருந்துளையில் விழப்போகும் வாயு விநாடிக்குப் பல பத்துத் தடவை துடிப்பதும் உண்டு. ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளையில் விநாடிக்கு 67 தடவைக்குப் பக்கத்தில் வரும் துடிப்பு பெயர்பெற்றது. லேக்ஸ்பிசி அதைத் தெளிவாகப் பிடித்திருக்கிறது.

பலவீனம்? அதற்குப் படம் எடுக்கத் தெரியாது. பப்பாளி இலைத் தண்டை ஒடித்து அதன் ஓட்டை வழியே வானத்தைப் பார்ப்பது போலத்தான் அதன் பார்வை. பார்க்கும் வட்டாரம் ஒரு டிகிரி, அதாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு முழுநிலவு அகலம். அதற்குள் இரண்டு எக்ஸ்ரே மூலம் இருந்தால் எது எவருடையது என்று பிரிக்க வழியில்லை.

சிஇசட்டிஐயில் கண்ணாடியும் இல்லை, ஆனால் படம் எடுக்கும் என்கிறார்களே, எப்படி?

பிளஸ் டூ மாணவர்கள் விடாமல் கேட்பது இதுதான். தக்கலைக்குப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குப் புரியவைப்பது சுலபம். அங்கே மாடி அறைகளில் மரச் சட்டங்களால் ஆன அழி ஜன்னல்கள். வெயில் விழும் நேரத்தில் தரையைப் பாருங்கள்: ஜன்னலின் அச்சு நிழலாக விழுந்திருக்கும். வெயில் சாயச் சாய நிழல் நகரும். நிழல் விழுந்த இடத்தை வைத்து, வெளியே எட்டிப் பார்க்காமலே சூரியன் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

சிஇசட்டிஐயின் மேலே இருப்பதும் ஓர் அழிதான். அரை மில்லிமீட்டர் தடிமனில் டான்டலம் உலோகத் தகடு, அதில் சதுரச் சதுரமான ஓட்டைகள். கீழே 64 படிகத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் 256 புள்ளிகள், ஆக மொத்தம் 16,384. எக்ஸ்ரே மூலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கேற்ற நிழல் படிகங்களின் மேல் விழும். இரண்டு மூலம் இருந்தால் இரண்டு நிழல் ஒன்றின் மேல் ஒன்று. அரண்மனை ஜன்னல் மாதிரி ஓட்டைகள் ஒரே சீராக இருந்தால் நிழல்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். அதனால்தான் ஓட்டைகளைக் கணக்குப் போட்டு ஒழுங்கில்லாமல் வைத்திருக்கிறார்கள். எந்த இரண்டு திசைக்கும் நிழல் ஒன்றுபோல் அமையாது. மிச்ச வேலை கணினியுடையது. 10 கெவ்வுக்கு மேல் 100 கெவ் வரை இப்படிப் படம் எடுக்கலாம்.

100 கெவ்வைத் தாண்டினால் தகடும் பக்கச் சுவரும் எக்ஸ்ரேக்குப் பாதி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். குறை என்றுதான் தோன்றும். ஆனால் அதனாலேயே சிஇசட்டிஐ தான் பார்க்காத திசையில் நடப்பதையும் உணர்கிறது. காமா கதிர் வெடிப்புகள் வானத்தில் எங்கே, எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சில விநாடியில் முடிந்துவிடும். கருவியை முதன்முதலில் இயக்கிய அன்றே, 2015 அக்டோபர் 6-இல், பக்கவாட்டிலிருந்து வந்த ஒரு வெடிப்பு அதில் பதிவானது. அப்புறம் நூற்றுக்கணக்கில்.

மற்ற இரண்டு சின்னக் கருவிகள்?

எஸ்எஸ்எம் என்பது ரோந்து. சுழலும் மேடையில் மூன்று கேமராக்கள், 2.5 முதல் 10 கெவ் வரை. தூங்கிக்கிடந்த ஒரு கருந்துளை திடீரென்று விழித்துக்கொண்டால் கண்டுபிடிக்க.

காவலுக்கு இருப்பது மின்னூட்டத் துகள் எண்ணி. பிரேசிலுக்கும் தென் அட்லாண்டிக்குக்கும் மேலே பூமியின் காந்தப் பாதுகாப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கும். அங்கே துகள்கள் தாழ இறங்கி வரும். அந்த வட்டாரத்தைக் கடக்கும்போது துகள் எண்ணிக்கை எல்லை மீறினால் இது சமிக்ஞை கொடுக்கும், மற்றக் கருவிகளின் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். இல்லையென்றால் கருவி கெடும்.

எக்ஸ்ரே செயற்கைக்கோளில் புற ஊதாத் தொலைநோக்கிக்கு என்ன வேலை?

கருந்துளையைச் சுற்றும் வாயுவில் உள்வட்டம் எக்ஸ்ரே வீசும், வெளிவட்டம் புற ஊதா வீசும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் எது முதலில் ஏறுகிறது, எது பின்னால் ஏறுகிறது என்று தெரியும். யுவிஐடியில் சுமார் 38 சென்டிமீட்டர் அகலத்தில் இரட்டைத் தொலைநோக்கிகள். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்நின்று, கனடா விண்வெளி முகமையோடு சேர்ந்து செய்தது. ஒரு படத்தில் ஏறக்குறைய முழுநிலவு அளவு வானம் அடங்கும். இதுவும் எண்ணுகிற ஜாதிதான்: விநாடிக்குச் சுமார் 29 படம் எடுத்து ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியே குறித்துக்கொள்ளும், செயற்கைக்கோளின் சின்ன ஆட்டத்தைப் பிறகு கணக்கில் கழித்துவிடுவார்கள்.

ஏவிய பிறகு இரண்டு மாதம் இதன் மூடியைத் திறக்கவே இல்லை. நவம்பர் 30-இல்தான் திறந்தார்கள். செயற்கைக்கோளின் பசை, பூச்சு இவற்றிலிருந்து கசியும் ஆவி கண்ணாடியில் படிந்தால் புற ஊதா பார்வையே போய்விடும். புது வீட்டில் பெயிண்ட் வாடை போகக் காத்திருப்பது போல.

படம் எவ்வளவு கூர்மை? சந்திராவோடு ஒப்பிட்டால்?

எக்ஸ்ரேயில் கூர்மை வேண்டுமென்றால் இன்றைக்கும் அமெரிக்காவின் எக்ஸ்ரே செயற்கைக்கோளான சந்திராதான். 1999 ஜூலையில் போனது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் நின்று, கன்னியாகுமரிக்குப் பாதி வழியில், பத்து கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ பிடித்திருக்கும் அந்த நாணயம் எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ, அதுதான் சந்திராவின் கூர்மை. எஸ்எக்ஸ்டியின் கூர்மை? 133 அடி வள்ளுவர் சிலையின் உச்சியில் அதே நாணயம், நீங்கள் அடியில் நிற்கிறீர்கள். வித்தியாசம் அவ்வளவு. யுவிஐடி இரண்டுக்கும் நடுவில், மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளிய நாணயம்.

இதைக் கேட்டுவிட்டு, “அப்போ நம்முடையது மட்டமா டீச்சர்?” என்று ஒரு பையன் முகம் சுருங்கினான். இல்லை மக்கா. சந்திராவால் 10 கெவ்வுக்கு மேல் பார்க்க முடியாது, பிரகாசமான பொருள் வந்தால் அதுவும் திணறும். லேக்ஸ்பிசி எண்ணுவதை அது எண்ண முடியாது. கத்தரிக்கோலையும் வெட்டுக்கத்தியையும் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்கக் கூடாது.

சந்திரா என்ற பெயர் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான். லாகூரில் பிறந்து சென்னையில் படித்த தமிழர், 1983 இயற்பியல் நோபல்.

எக்ஸ்போசாட் என்று ஒன்று போனதே, அது எதற்கு?

ஃபோட்டானிடம் மூன்று கேள்வி என்றேன். நான்காவதும் உண்டு: எந்தத் தளத்தில் அதிர்கிறாய்? பாடப்புத்தகத்தில் தளவிளைவு என்று படித்தது இதுதான். கடலின் கண்கூசலைக் குறைக்கும் கூலிங்கிளாஸ் இருக்கிறதே, அது ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் தடுக்கிறது. எக்ஸ்ரேக்கு அப்படிக் கூலிங்கிளாஸ் கிடையாது. 2024 ஜனவரி 1 அன்று பிஎஸ்எல்வி-சி58-இல் போன எக்ஸ்போசாட்டின் பாலிக்ஸ் கருவி சுற்றுவழியில் போகிறது. நடுவில் பெரிலியம் கட்டை, சுற்றிலும் நான்கு வாயு எண்ணிகள். கட்டையில் பட்ட எக்ஸ்ரே, அதிரும் தளத்துக்குச் செங்குத்தான திசையில்தான் அதிகம் சிதறும். எந்தப் பக்கம் அதிகம் எண்ணுகிறோம் என்று பார்த்தால் தளம் தெரியும். நான்கு எண்ணிகளும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருக்க வாய்ப்பில்லை, எனவே செயற்கைக்கோளையே மெதுவாகச் சுழற்றுகிறார்கள். பாலிக்ஸின் வீச்சு 8 முதல் 30 கெவ். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையம் செய்தது. 2021-இல் போன நாசாவின் ஐஎக்ஸ்பிஇ அதற்குக் கீழே, 2 முதல் 8 கெவ் வரை, பார்க்கிறது.

அஸ்ட்ரோசாட் உருப்படியாக என்ன கண்டுபிடித்தது?

எனக்குப் பிடித்த மூன்று. ஒன்று, 2017-இல் வெளியான நண்டு நெபுலா ஆய்வு: அதன் நடுவே விநாடிக்குச் சுமார் 30 தடவை சுழலும் பல்சாரின் (துடிப்பாகக் கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன்) தளவிளைவை, 100 கெவ்வுக்கு மேல், சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் சிஇசட்டிஐ அளந்தது. தளவிளைவுக்கென்று செய்த கருவியே அல்ல அது. ஃபோட்டான் ஒரு புள்ளியில் பட்டுத் தெறித்துப் பக்கத்துப் புள்ளியில் விழுவதைப் பார்த்துச் சாதித்தார்கள். இரண்டு, 2020-இல் யுவிஐடி கண்ட ஒரு விண்மீன் மண்டலம். அதன் புற ஊதா ஒளி 930 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது. மூன்று, என்ஜிசி 188 என்ற பழைய விண்மீன் கூட்டத்தில், துணை விண்மீனிடமிருந்து சரக்கை உறிஞ்சி இளமையாகத் தெரியும் ஒரு விண்மீனும், உறிஞ்சப்பட்ட துணையும்.

நண்டு நெபுலா இருக்கும் இடத்தை நானும் காட்டுவேன்: கார்த்திகை, ரோகிணி, அதற்குக் கிழக்கே எருதின் கொம்பு நுனி. தொலைநோக்கியில் ஒரு மங்கல் கறை. பார்த்துவிட்டு “இதுக்கா இத்தனை பில்டப்பு?” என்று இறங்கிப் போனவர்கள் உண்டு.

பழுது எதுவும் ஆகவில்லையா?

ஆனது. லேக்ஸ்பிசியின் மூன்று பெட்டிகளில் ஒன்றில் வாயு கசிந்து, 2018 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். இன்னொன்று நிலையில்லாமல் போனது. மூன்றாவதுதான் பாரம் சுமந்தது. அதே ஆண்டு யுவிஐடியில், கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய புற ஊதாவைப் பார்க்கும் அண்மைப் புற ஊதாப் பிரிவும் கண்ணை மூடிக்கொண்டது. ஐந்து ஆண்டுக்குத் திட்டமிட்ட செயற்கைக்கோள் அதைத் தாண்டியும் பல ஆண்டு உழைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேலே போய் மெக்கானிக் பார்க்க முடியாது.

புயல் வருவதை இது சொல்லுமா?

முட்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டார். 2017 ஓகிக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் செயற்கைக்கோள் என்றாலே இந்தக் கேள்விதான் முதலில் வரும், வர வேண்டியதுதான். இல்லை ஐயா, இது கீழே பார்ப்பதே இல்லை. புயலைப் பார்ப்பவை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் இன்சாட்-3டி வகைச் செயற்கைக்கோள்கள். அஸ்ட்ரோசாட்டுக்குப் பூமி ஒரு தொந்தரவு. பார்க்கும் பொருள் நிலநடுக்கோட்டுப் பக்கம் இருந்தால், 98 நிமிடச் சுற்றில் அரைமணி நேரத்துக்கு மேல் பூமியே குறுக்கே நின்று மறைத்துவிடும்.

வேவு பார்க்குமா என்றும் கேட்பார்கள். பார்க்காது. மேலே சொன்ன காரணமேதான்.

நம் மாவட்டத்துக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம்?

இஸ்ரோ தலைவர்களாக இருந்தவர்களில் கே. சிவன் சரக்கல்விளைக்காரர், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்வது ஆரல்வாய்மொழி தாண்டினால் வரும் மகேந்திரகிரி. திருநெல்வேலி மாவட்டம்தான், ஆனால் நம் வாசல். பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தில் எரியும் விகாஸ் எஞ்சினை அங்கேதான் சோதிக்கிறார்கள். அஸ்ட்ரோசாட்டையும் எக்ஸ்போசாட்டையும் தூக்கியது பிஎஸ்எல்விதானே.

கன்னியாகுமரி கடற்கரையில் நின்றால் அஸ்ட்ரோசாட் தெரியுமா?

நம் வானத்தில் போகும், அது நிச்சயம். அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி மட்டுமே சாய்ந்தது, அதாவது வடக்கே 6 டிகிரிக்கு மேல் ஏறாது. தென் அட்லாண்டிக் துகள் வட்டாரத்தின் ஓரத்தோடு தப்பிப் போவதற்காக அப்படி. கன்னியாகுமரி இருப்பது சுமார் 8 டிகிரியில். ஆகவே நாம் எப்போதும் தெற்கே, கடல் பக்கம்தான் பார்க்க வேண்டும். மிக அருகில் வரும் சுற்றில் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில் போகும். ஒரு நாளைக்குப் பதின்மூன்று தடவைக்கு மேல் நம் வானத்தைக் கடக்கும், ஒரு சுற்றுகூட நம்மைத் தவறவிடாது. இந்திய நிலப்பரப்பில் இதற்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் நம்மைப் போலத் தென்கோடிக்காரர்கள்தான்.

கண்ணில் படுமா என்றால், அதை நம்பி ஆள் கூட்ட மாட்டேன். பளிச்சென்று போகும் சர்வதேச விண்வெளி நிலையம் கால்பந்து மைதானம் அளவு. இது ஒன்றரை டன் பெட்டி.

பையன்களுக்கு அதன் டேட்டா கிடைக்குமா?

கிடைக்கும். ஆய்வாளர்களுக்கான தனிக்காலம் முடிந்த பதிவுகளை 2018 செப்டம்பரிலிருந்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பெங்களூருவுக்குப் பக்கத்தில் பயலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். மென்பொருளும் இலவசம். லினக்ஸ் போட்ட ஒரு சாதாரண லேப்டாப் போதும், ஆனால் கோப்புகள் பெரியவை, மொபைல் டேட்டாவில் முயற்சி செய்யாதீர்கள்.

திறந்ததும் படம் எதுவும் இருக்காது, அட்டவணைதான் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு ஃபோட்டான்: வந்த நேரம், ஆற்றல் எண், எந்த அடுக்கில் பட்டது. எங்களிடம் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் இயற்பியல் படிக்கும் ஒரு பெண், நண்டு நெபுலாவின் லேக்ஸ்பிசி பதிவை எடுத்துக்கொண்டு விடுமுறையில் வந்தாள். முதலில் வரைந்தது வெறும் தட்டையான கோடு. பூமியும் செயற்கைக்கோளும் நகர்வதால் வரும் நேர வித்தியாசத்தைத் திருத்தி, பல்சாரின் ஒரு சுழற்சியான 33 மில்லி விநாடிக்கு ஒருமுறை மடித்து மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் திரையில் இரண்டு மேடு எழும்பியது, ஒன்று உயரம், ஒன்று குட்டை. அந்த வரைபடத்தை அச்செடுத்து மாடிப்படிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை மேகமாக இருந்தால் அதைத்தான் காட்டுவேன்.